எஞ்சினுக்கு எத்தனை வயசு?

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

மனிதர்களிடம் வயசைக் கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். சிலர் ஐந்தாறு வருஷத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவார்கள். ரயில் எஞ்சினுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதை ஒரு தகட்டில் பொறித்து உடம்பிலேயே ஒட்டியிருப்பார்கள். தகட்டைப் படித்தால் வயசு தெரியும். ஆனால் அது கிழடா, இளசா என்பது தெரியுமா? தெரியாது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது பலரும் காதல் கவிதைக்குப் பேனா எடுத்தார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் வருவதெல்லாம் எஞ்சின்தான். தாத்தா கரி எஞ்சினில் பயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். அப்பா டீசல் ஷெட்டில் ஃபிட்டர். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற துணியில் எண்ணெய்க் கறை இல்லாத நாள் இல்லை என்றால் அது மிகையாகாது.

ஒரு எஞ்சின் எப்போது கிழடாகிறது? வருஷம் ஆனதாலா, தேய்ந்ததாலா, அதைவிட நல்லது வந்துவிட்டதாலா? 2022ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி எழுந்த கேள்வி இது. ஏன் எழுந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தாத்தாவிடமிருந்து ஆரம்பிப்போம்.

கரி தின்ற காலம்

1950-51ஆம் ஆண்டில் இந்திய ரயில்வேயிடம் இருந்த நீராவி எஞ்சின்கள் 8,120. டீசல் வெறும் 17. மின்சார எஞ்சின் 72. உலகப் போரின்போது ஓய்வில்லாமல் அடித்து ஓட்டப்பட்டு, நாடு விடுதலை பெற்றபோது வயசு கடந்துபோன எஞ்சின்கள் ஏராளமாக இருந்தன. அதனால்தான் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ரயில்வேயின் தலையாய வேலையே பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்ப்பதாக இருந்தது. மேற்கு வங்காளத்தில் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950இல் எஞ்சின் கட்டத் தொடங்கியது. மீட்டர் கேஜுக்கு டெல்கோ நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் ஒய்.பி., ஒய்.ஜி. வகை எஞ்சின்களைக் கட்டியது. என் தாத்தா 1956இல் வேலைக்குச் சேர்ந்து கரி அள்ளிப் போட்டது இந்த ஒய்.பி. எஞ்சின்களில்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தாத்தா சொல்வார்: "கரி எஞ்சின் பொம்பள மாதிரிடா. காலையில எழுப்பி, குளிப்பாட்டி, சோறு போட்டு, பூ வச்சாத்தான் வாசப்படி தாண்டும்." பாட்டி உள்ளேயிருந்து, "ஆமா, வீட்ல இருக்கறவளுக்கு இதுல ஒண்ணு செஞ்சிருப்பாரா கேளு" என்பார். ஆனால் தாத்தா சொன்னதில் தொழில்நுட்பம் இருந்தது. குளிர்ந்துபோன கொதிகலனைச் சூடேற்றி நீராவி எழுப்பவே பல மணி நேரம் ஆகும். வழியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், எண்ணெய் விட வேண்டும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கொதிகலனைக் கழுவ வேண்டும். ஒரு நாளில் எஞ்சின் வண்டி இழுக்கிற நேரத்தைவிட அதற்குச் சிசுருஷை செய்கிற நேரம்தான் அதிகம்!

திறன் எவ்வளவு தெரியுமா? எரிக்கிற கரியின் சக்தியில் 6 முதல் 8 சதவீதம்தான் வண்டியை இழுக்கப் போய்ச் சேரும். நூறு கூடை கரியில் தொண்ணூறுக்கு மேல் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். தெர்மல் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்குக் காரணம் புரியும். பவர் ஹவுஸில் நீராவியை கண்டென்சரில் குளிரவைத்து, கடைசிச் சொட்டு வேலையையும் கறந்துவிடுவார்கள். ரயில் எஞ்சினில் அதற்கு இடம் ஏது? வேலை செய்த நீராவி சூடு ஆறாமலே 'புஸ் புஸ்' என்று வெளியேறும். கேட்க அழகாக இருந்த அந்தச் சத்தம் நஷ்டத்தின் சத்தம்!

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். என் தாத்தா கெட்டிக்காரத் தொழிலாளி. மெல்லிசாகக் கரி தூவி, புகை கறுக்காமல் நெருப்பு வளர்ப்பதில் பேர் வாங்கியவர். நல்ல பயர்மேன் ஆறு சதவீதத்தை ஏழு ஆக்கலாம், எட்டுகூட ஆக்கலாம். முப்பது ஆக்க முடியுமா? பிரம்மாவே வந்து கரி அள்ளினாலும் முடியாது. அந்த எல்லை மனிதன் கையில் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது. சித்தரஞ்சனில் கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சின் 1970இல் வெளிவந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றே, பெயின்ட் காய்வதற்கு முன்பே, அது கிழடுதான்! வயசு பூஜ்யம், ஆனாலும் கிழடு.

எதிர் உதாரணமும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற 'எக்ஸ்' வகை எஞ்சின் சுவிட்சர்லாந்துக்காரர்கள் போட்ட வடிவம். முதல் எஞ்சின்கள் வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில். பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்தில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். அதற்கு மாற்று வேண்டும் என்றபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வடிவத்தில் புதிதாகவே கட்டினார்கள். 2011க்குப் பிறகு பிறந்த நீராவி எஞ்சின்! பெரம்பூர் லோகோ பணிமனையில் 1855ஆம் ஆண்டு எஞ்சின் ஒன்றுக்கு 2010இல் உயிர் கொடுத்து ஓட வைத்தார்கள். இங்கெல்லாம் யாரும் சதவீதம் கேட்பதில்லை. எதற்காக ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கிழடும் இளசும்.

அதே எண்ணிக்கை, நாலு மடங்கு சுமை

ஒரு கணக்கு பாருங்கள். 1950-51இல் எல்லா வகையும் சேர்த்து 8,209 எஞ்சின்கள். 1990-91இல் நீராவி 2,915, டீசல் 3,759, மின்சாரம் 1,743. மொத்தம் 8,417. நாற்பது வருஷத்தில் கூடியது இருநூற்றிச் சொச்சம்தான். ஆனால் கட்டணம் வாங்கி ஏற்றிய சரக்கு 73 மில்லியன் டன்னிலிருந்து 318 மில்லியன் டன் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை எஞ்சின், நாலு மடங்குக்கு மேல் சுமை! இதுதான் திறன் என்கிற சொல்லுக்கு ரயில்வே எழுதிய பதவுரை.

இந்த மாற்றத்தின் கதாநாயகன் டபிள்யூ.டி.எம்.-2. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவம். 1962இல் முதலில் இறக்குமதி செய்தார்கள். 1964 ஜனவரியில் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் நம்மவர்களே கட்டிய முதல் எஞ்சினை லால் பகதூர் சாஸ்திரி அர்ப்பணித்தார். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், 112 டன்னுக்கு மேல் எடை, 5,000 லிட்டர் டேங்க். தண்ணீருக்கும் கரிக்கும் நிற்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். திறன் முப்பது சதவீதத்தை ஒட்டி. கரி எஞ்சினைப் போல நாலு மடங்கு! 'கிளப்பினால் கிளம்பும், அணைத்தால் அணையும்' என்பதே அன்றைய லோகோ ஊழியர்களுக்குப் பெரிய அதிசயமாம்.

1983இல் தாத்தாவை டீசல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயசு 48. ஷவல் பிடித்த கை நாட்ச் பிடிக்கப் பழகியது. மீட்டர் கேஜ் டீசலான ஒய்.டி.எம்.-4 ஓட்டி, 1993இல் ஓய்வு பெற்றார். அகலப்பாதையின் கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பரில் பஞ்சாபில் ஓடி முடிந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் இருந்த நீராவி எஞ்சின் 2000-01இல் வெறும் 54.

எண்ணெய் சொல்லும் ஜாதகம்

அப்பா 1991இல் டீசல் ஷெட்டில் கலாசியாகச் சேர்ந்தார். பிறகு ஃபிட்டர். என்னை முதன்முதலாக ஷெட்டுக்குக் கூட்டிப் போன அன்று ஒரு பழைய எஞ்சினைக் காட்டி, "இதுக்கு என்ன வயசிருக்கும் சொல்லு பாப்போம்" என்றார். நான் தகட்டைத் தேடினேன். "தகடு கெடக்கட்டும், இங்க வா" என்று ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்.

டீசல் ஷெட் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் லூப் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்பார்கள். நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி. செம்பு, ஈயம் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. இரும்பு, குரோமியம் கூடினால் லைனரையும் ரிங்கையும் பார். தண்ணீர்த் தடயம் இருந்தால் எங்கோ கசிவு. எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும். அப்பா சொன்னார்: "முப்பது வயசு எஞ்சின்ல ஆயில் சுத்தமா இருக்கும். ஆறு வயசு எஞ்சின்ல செம்பு ஏறிக் கெடக்கும். எது கெழவன்?"

அடுத்தது லோட் பாக்ஸ். எஞ்சினை நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டி, ஜெனரேட்டர் மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள தகடுகளுக்குக் கொடுப்பார்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எத்தனை குதிரை இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே வயசு பேசாது, மீட்டர்தான் பேசும்.

அதோடு ஒரு எஞ்சின் முழுவதும் ஒரே வயசும் இல்லை. சட்டத்துக்கு முப்பது வயசு இருக்கும். பிஸ்டனுக்கு ஆறு. டர்போவுக்கு இரண்டு. சக்கரத்துக்கு எட்டு மாசம். விதிப்படி டீசல் எஞ்சினுக்கு ஆயுள் 36 வருஷம். அதில் பாதி, அதாவது 18 வருஷம் ஓடியதும், பஞ்சாபின் பட்டியாலாவில் 1981இல் தொடங்கிய தொழிற்சாலைக்கு அனுப்பி முழுசாகப் பிரித்து மறுபடி கட்டினார்கள். 2,600 குதிரையாகப் போனது 3,100 குதிரையாகத் திரும்பி வந்தது! அறுபதாம் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை இன்னும் திடகாத்திரமாக வருகிற கதை.

எப்படி முடிந்தது? லக்னோ ஆராய்ச்சி அமைப்பின் பொறியாளர்கள் ஆல்கோ எஞ்சினுக்குள் கைவைத்தார்கள். 15 மில்லிமீட்டர் எரிபொருள் பம்புக்குப் பதிலாக 17 மில்லிமீட்டர் பம்ப் போட்டு டீசலைச் சுருக்கமான நேரத்தில் வேகமாகத் தெளிக்க வைத்தார்கள். கேம் ஷாப்டை மாற்றி, உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார்கள். அலுமினிய பிஸ்டனுக்கு எஃகுத் தலை வைத்தார்கள். திறமை கூடிய டர்போ மாட்டினார்கள். வெளியே பார்த்தால் அதே மூஞ்சி, உள்ளே வேற ஆள். பழைய எஞ்சினையும் படிக்க வைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனாலும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு பழசைப் புகழ்கிற ஆள் இல்லை. ஆல்கோ எஞ்சின் நாட்ச் ஏற்றும்போது குபுகுபுவென்று கரும்புகை கக்கும். பார்த்திருப்பீர்கள். டீசல் உடனே கூடிவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் எரியாத டீசல்தான் அந்தப் புகை. 1999இல் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவத்தில் 4,000 குதிரைத்திறன் எஞ்சின்கள் வந்தன. அவற்றில் டர்போவை ஆரம்பத்தில் எஞ்சினே பல்சக்கரம் மூலம் சுழற்றும். புகைபோக்கி வேகம் வந்த பிறகு கிளட்ச் விடுபட்டு டர்போ தானாகச் சுற்றும். "அதைப் பார்த்த அன்னிக்கே நம்ம ஆல்கோவுக்கு வயசாயிடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அப்பா. எண்ணெயில் செம்பு ஏறாமலே வந்த வயசு அது.

சராசரி என்னும் சாமர்த்தியம்

'எஞ்சின்களின் சராசரி வயசு' என்று புள்ளிவிவரம் போடுவார்கள். நம்பலாம், ஆனால் விசாரித்துவிட்டு நம்புங்கள். ஒரு ஷெட்டில் இருபது எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு வயசு 2, பத்துக்கு வயசு 34. சராசரி 18. பக்கத்து ஷெட்டில் இருபதுக்கும் வயசு 18. சராசரி அதே 18! முதல் ஷெட்டில் இரண்டு வருஷத்தில் பாதி எஞ்சின் ஓய்வு பெறும், இன்றைக்கே பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது ஷெட்டில் எல்லாமே நடுவயசு ஓவர்ஹாலுக்குக் காத்திருக்கும். ஒரே எண், இரண்டு தலையெழுத்து.

திறன் கணக்கிலும் அப்படித்தான். ஆயிரம் டன் எடையை ஒரு கிலோமீட்டர் இழுக்க எத்தனை லிட்டர் என்று பார்ப்பதுதான் டீசல் கணக்கு. அந்த எண் கெட்டால் உடனே எஞ்சினைத் திட்டக்கூடாது. ஊருக்கு ஊர் நிற்கிற பாசஞ்சரை இழுத்தால் எந்த எஞ்சினுக்கும் எண் கெடும். நாமே போட்டுப் பார்க்கலாம். 1,000 டன் வண்டி மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் 200 மெகா ஜூல். பிரேக் அடித்து நிறுத்தினால் அத்தனையும் சூடாகப் போய்விடும். மறுபடி அதே வேகத்துக்கு வர வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகா ஜூல். முப்பது சதவீதம் பயன் என்றால் கைக்கு வருவது 11க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு சிவப்பு விளக்கின் விலை சுமார் 18 லிட்டர். ஒரு குடம் டீசல்! அதைக் குடித்தது எஞ்சினா, சிக்னலா?

சும்மா நிற்கும்போதும் செலவு உண்டு. பெரிய டீசல் எஞ்சினை அணைக்காமல் விட்டால் மணிக்கு 25 லிட்டர் போல எரியும். பேட்டரி இறங்கிவிடும், பிரேக் காற்று போய்விடும் என்று அணைக்க மாட்டார்கள். பிறகு ஒரு சின்னத் துணை எஞ்சின் பொருத்தினார்கள். அது மணிக்கு மூன்று லிட்டரில் அந்த வேலையைச் செய்துவிடும். பத்து மணி நேரம் நின்றால் 220 லிட்டர் மிச்சம். புது எஞ்சின் வாங்கவில்லை, ஆராய்ச்சி மாநாடு கூட்டவில்லை. சும்மா நிற்கும்போது என்ன ஆகிறது என்று ஒருவர் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான்.

பிறந்த பின்னும் இளமையாவது

இப்போது மின்சாரம். 25,000 வோல்ட் கம்பியிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை எஞ்சின் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 'டீசல் முப்பது, மின்சாரம் எண்பத்தைந்து, ஆட்டம் முடிந்தது' என்று சொல்லிவிடத் தோன்றும். அது நியாயமான கணக்கு இல்லை. அந்த மின்சாரம் எங்கே பிறந்தது? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்தா? அனல் நிலையத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கம்பியில் கொஞ்சம் போகும். கரியிலிருந்து கணக்குப் போட்டால் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வித்தியாசம் அத்தனை பெரிசில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டீசல் எஞ்சின் பிறக்கும்போதே அதன் சாப்பாடு தீர்மானமாகிவிடுகிறது. மின்சார எஞ்சினுக்கு அப்படி இல்லை. நெய்வேலிக் கரியா, கூடங்குளம் அணுவா, முப்பந்தல் காற்றாடியா, மேட்டூர் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. மின் நிலையம் திருந்தினால், அன்றைக்கே நாடு முழுவதும் ஓடுகிற எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்து திருந்திவிடும். வயசாக ஆக இளமையாகும் வாய்ப்புள்ள எஞ்சின் இது ஒன்றுதான்.

இன்னொன்று. 1990களின் நடுவில் ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து வந்த மூன்று ஃபேஸ் எஞ்சின்களும், அதே தொழில்நுட்பத்தில் சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூ.ஏ.பி.-7 போன்றவையும் பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கிக் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். மேலே சொன்ன ஒரு குடம் டீசலில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். டீசலில் போனது போனதுதான். பிரேக் பிடித்து யாரும் டேங்கை நிரப்ப முடியாது!

2018இல் வாரணாசியில் ஒரு வேலை செய்தார்கள். நடுவயசு ஓவர்ஹாலுக்கு வந்த இரண்டு டீசல் எஞ்சின்களை எடுத்து 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை மின்சார எஞ்சினாக மாற்றிக் காட்டினார்கள். அடிச்சட்டம் அதே, போகி அதே, இதயம் மட்டும் வேறு. அந்தத் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே 'டீசல்' என்ற சொல் 2020இல் போய்விட்டது. இப்போது அது பனாரஸ் எஞ்சின் தொழிற்சாலை.

எங்கள் வீட்டில் இரண்டு முதலாமாண்டு

இனி, முதலில் சொல்கிறேன் என்று தள்ளிவைத்த விஷயம். 2022இல் அப்பாவின் ஷெட்டுக்கும் மின்சார எஞ்சின்கள் வரப்போகின்றன என்று தெரிந்தது. டீசல் ஆட்கள் பயிற்சி எடுக்க வேண்டும். அப்பாவுக்கு அப்போது 54 வயசு. சர்வீஸ் பாக்கி ஆறு வருஷம். அக்கா கல்யாணக் கடன் பாதி நின்றது. நான் இங்கே சேர்ந்து ஒரு மாசம்.

மாமா வந்து உட்கார்ந்தார். "மாப்ளே, முப்பது வருஷம் ஒழச்சாச்சு. வி.ஆர்.எஸ். குடுத்துட்டு வர்ற பணத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை போடுங்க. இந்த வயசுல போய் கரண்டு படிக்கிறதா?" அம்மாவுக்கு 25,000 வோல்ட் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கியது. "ஏங்க, வீட்ல ஃபியூஸ் போடவே எலக்ட்ரீஷியனக் கூப்புடுற ஆளு நீங்க" என்று கண் கலங்கினார்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொத்து என்பது காது. ஷெட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தே, "எட்டாம் சிலிண்டர் அடி வாங்குது" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். முப்பத்தொரு வருஷத்துச் சேமிப்பு அது. மின்சார எஞ்சினில் கேட்பதற்குச் சிலிண்டரே இல்லையே! எஞ்சினைக் கண்டம் செய்தால் இரும்பு விலைக்காவது போகும். காதைக் கண்டம் செய்தால் யார் எடுப்பார்கள்?

மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "டேய், கரி எஞ்சின் முடிஞ்சுபோனதுக்குக் காரணம் உங்க தாத்தா சரியா வேலை பாக்காதது இல்ல. அது எஞ்சினோட எல்ல. ஆனா எஞ்சின் முடிஞ்சப்ப உங்க தாத்தா முடிஞ்சுபோகல பாத்தியா? நாப்பத்தெட்டு வயசுல பொட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு. எஞ்சினுக்குத்தான் தகடு அடிச்சு ஒட்டிருக்கு. நமக்கு எங்க ஒட்டிருக்கு?"

போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் முதலாமாண்டு! ஒரே மேஜையில் இரண்டு நோட்டு. அவர் 'பாண்டோகிராப்', 'கன்வெர்ட்டர்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார். ஸ்டார், டெல்டா இணைப்பை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித் தருவேன். அவர் சஸ்பென்ஷன், பிரேக் ரிக்கிங், பேரிங் இடைவெளியை எனக்குச் சொல்லித் தருவார். யார் யாருக்கு வாத்தியார் என்றே தெரியாது. தூங்கி வழிந்த இரவுகளும் உண்டு, "என்னால ஆகாதுடா தம்பி" என்று நோட்டை மூடிய இரவுகளும் உண்டு. மறுநாள் காலையில் அதே நோட்டு திறந்திருக்கும்.

பயிற்சி முடித்து வந்து அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். "மேல இருக்கறது எல்லாம் புதுசு. கீழ இறங்கிப் பாத்தா, போகி, சக்கரம், ஆக்சில் பாக்ஸ், பிரேக்கு, எல்லாம் நம்ம ஆளுங்கதான். பேரிங் சூடானா டீசலா இருந்தா என்ன, கரண்டா இருந்தா என்ன, அதே வாசன!" பழைய டபிள்யூ.ஏ.எம்.-4 மின்சார எஞ்சினும் டபிள்யூ.டி.எம்.-2 டீசலும் ஒரே வடிவப் போகியில் ஓடியவை என்பதை அப்புறம் படித்தேன். இன்று அவர் அதே ஷெட்டில் போகிப் பிரிவில் இருக்கிறார். கடனும் குறைந்திருக்கிறது.

எல்லாம் சுபம் என்று முடிக்க மாட்டேன். அவரோடு வேலை பார்த்தவர்களில் சிலர் பயிற்சிக்குப் போகாமல் விலகிவிட்டார்கள். எட்டாம் சிலிண்டரைத் தேடுகிற காது அவரிடம் இன்னும் இருக்கிறது, அதற்கு வேலை குறைந்துவிட்டது. அகலப்பாதை கிட்டத்தட்ட முழுவதும் மின்சாரமாகிவிட்ட நாட்டில் ஒருசில டீசல்தான் வரும். அது போகும்போது டீயை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அது நஷ்டம்தான். எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத நஷ்டம்.

நண்பர்களே, யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எஞ்சினுக்கும் பொருந்தும். நமக்கு? நாம் இங்கே மூன்று வருஷம் படிப்பதில் எது சிலிண்டர், எது போகி என்று இன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது. எதற்கு எப்போது வயசாகும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று கேள்விகளை நான் அப்பாவின் ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். பழுதென்று ஒன்று வந்தால், அது தேய்மானமா, பராமரிப்புக் குறையா, வடிவத்தின் எல்லையா? தேய்ந்தால் மாற்றலாம். பராமரிப்பென்றால் கவனிக்கலாம். எல்லையென்றால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு அடுத்ததைப் படிக்க வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவன்தான் நல்ல எஞ்சினைக் கழித்துக் கட்டுவான், கெட்ட எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுவான்.

நம் பணிமனையின் பழைய லேத்துகளைப் பார்த்து 'மியூசியம்' என்று சிரிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை சிரிப்பதற்கு முன் பெட்டைத் துடைத்து, ஒரு டயல் கேஜை வைத்து ஸ்பிண்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். வயசை அது சொல்லட்டும்.